பட்டாளத்து வீடுகளுக்குப் பத்துக் குறிப்புகள்

பட்டாளத்துப் பென்ஷன் வரும் வீடுகளில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கிய திட்டம் இது. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தால், கார்டை எடுத்துக்கொண்டு ஓடப்போவது நாம்தானே! கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டைத் தோழிகளுக்காக இதோ சில குறிப்புகள்.

1. கார்டுகள், அவற்றின் இரண்டு ஜெராக்ஸ், ஆதார், கடைசி மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். பழைய இ.சி.ஜி. தாளும் அதிலேயே இருக்கட்டும். புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்குச் சட்டென்று உதவும்.

2. 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. லைன் வீடுகளில் கதவு எண் சொன்னால் சீக்கிரம் பிடிபடாது. பக்கத்துக் கோயில், சர்ச், பள்ளிக்கூடம் என்று அடையாளத்தோடு விலாசத்தைக் கன்னடத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் யார் போன் செய்தாலும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

3. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத்திணறல், விபத்து, பாம்புக்கடி போன்ற உயிர்போகிற அவசரத்துக்கு இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் தரும் ரெஃபரல் சீட்டு வேண்டாம். அதற்காகக் காத்திருக்காமல் எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

4. கோலார் தங்கவயல், கோலார், பெங்களூரு மூன்று இடங்களிலும் இப்போது எந்த ஆஸ்பத்திரிகள் திட்டத்தில் உள்ளன என்று பாலிகிளினிக் போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில ஆஸ்பத்திரிகளில் சில பிரிவுகளுக்கு மட்டும்தான் அங்கீகாரம் இருக்கும். இருதயம், நரம்பு, எலும்பு என்று பிரித்துக் கேட்பது நல்லது. பட்டியல் மாறும் என்பதால் அவ்வப்போது சரிபாருங்கள்.

5. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அட்மிஷன் கவுண்டரில் முதலில் கார்டை நீட்டுங்கள், பணத்தை அல்ல. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அனுப்பியாயிற்றா என்று மறுநாள் ஒருமுறை கேட்டுவிட்டால் நிம்மதி.

6. திட்டத்தில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் அந்த 48 மணி நேரக் கெடு நம் தலையில். நோயாளியோடு ஒருவர் இருக்கட்டும், இன்னொருவர் பாலிகிளினிக்குக்குச் சொல்லட்டும். போனில் சொன்னாலும் எழுத்திலும் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

7. திட்டத்தில் இல்லாத ஆஸ்பத்திரியில் முதலில் நாம் பணம் கட்டித்தான் பிறகு திரும்ப வாங்க வேண்டும். அதனால் ஒரு தாளையும் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, அவசர நிலைதான் என்று டாக்டர் தரும் சான்று, விவரம் பிரித்த பில், மருந்துக் கடை ரசீது எல்லாம் கையெழுத்து, சீலோடு வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்.

8. திரும்பக் கிடைப்பது சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) கட்டணக் கணக்குப்படிதான், மிச்சம் நம் கையைக் கடிக்கும். ஆபத்து நீங்கியது, மாற்றலாம் என்று டாக்டர் சொன்னதும் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டால் பணம் மிச்சம்.

9. ஹவில்தார் வரை ஜெனரல் வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை செமி பிரைவேட், ஆபீசர்களுக்குப் பிரைவேட் என்பது விதி. தனி ரூம் கேட்பதற்கு முன் வித்தியாசப் பணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

10. பையனுக்கு 25 வயது ஆனாலோ, அதற்கு முன்பே வேலையோ கல்யாணமோ ஆனாலோ அவன் கார்டு செல்லாது. பெண்ணுக்குச் சம்பாத்தியமோ கல்யாணமோ வரும்வரை உண்டு. உடல் ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லை என்பதையும் மறக்காதீர்கள். பட்டாளத்தில் உழைத்துச் சம்பாதித்த உரிமை இது, ஒரு ரூபாய்கூட வீணாகாமல் பயன்படுத்திக்கொள்வோம்!