நேபாளத்துச் சின்னச் சபைகளைக் காணப் போகிறவர்களுக்கு

நேபாளத்தில் சபை கூடுவது சனிக்கிழமை. அந்நாட்டின் வார விடுமுறை அன்றுதான். சனிக்கிழமை காட்மாண்டுவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போகலாம் என்று திட்டமிடும் குழு பூட்டிய கதவுக்கு முன்னால்தான் போய் நிற்கும். 2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு. சபையார் கூடியிருந்த நேரம் அது. ஆராதனையில் இருந்தபடியே இடிபாட்டில் சிக்கி இறந்தவர்கள் பலர். மலைப்பக்கத்துச் சபைகளில் அந்த நாளைப் பற்றிப் பேச்சு எழும். அப்போது பதில் சொல்ல முந்தாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாத அயல்நாடு, செலவும் கட்டுக்குள் அடங்கும். அதனால் நம் ஊர் வாலிபர் ஐக்கியங்களும் மிஷனெரி ஜெபக்குழுக்களும் நேபாளத்துக்குச் சட்டென்று கிளம்பிவிடுகின்றன. சுலபமாகப் போய்விட முடிவதாலேயே பலர் ஆயத்தமில்லாமல் போகிறார்கள். அந்தக் குறையின் பாரம் கடைசியில் அங்குள்ள போதகர்மேலும் இல்லங்களில் வளரும் பிள்ளைகள்மேலும்தான் விழுகிறது. அது நேராதிருக்கச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அழைப்பு

உங்களுக்குப் பாரம் உண்டாயிற்று என்பது மட்டும் போதாது. அங்குள்ள போதகரோ மூப்பர்களோ தாங்களாக உங்களை அழைத்திருக்க வேண்டும். நேபாளச் சபை வெளியாட்கள் நட்டு வளர்த்தது அன்று என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டார்ஜிலிங்கில் இருந்தபடி நேபாளி வேதாகமத்தை மொழிபெயர்த்த கங்கா பிரசாத் பிரதான், 1914இல் முழு வேதாகமமும் அச்சாக வழி செய்தவர். குடும்பத்தோடு தாய்நாடு திரும்பிய அவரை, கிறிஸ்தவருக்கு இங்கே இடமில்லை என்று வெளியேற்றினார்கள். 1951க்குப் பிறகு நாட்டின் கதவு திறந்தபோது, இந்தியப் பக்கத்தில் வாழ்ந்த நேபாளி விசுவாசிகளே முன்னால் நின்று உள்ளே போனார்கள். பொக்காராவின் ராம்காட் சபை அப்படி உருவானதுதான். 1954இல் வந்த யுனைடெட் மிஷன் டு நேபாள் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தியது. மதம் மாற்றும் வேலையில் ஈடுபடக்கூடாது என்பது அரசு வைத்த நிபந்தனை. சபையைக் கட்டியவர்கள் நேபாளிகளே. 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 5,12,313 பேர், மக்கள்தொகையில் 1.76 விழுக்காடு.

ஆகவே போதகரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டியவை இரண்டு: நாங்கள் வந்தால் உங்களுக்கு என்ன பயன்? எந்த வாரம் உங்களுக்குத் தோது? "இந்த வருஷம் வேண்டாம்" என்றால் அதற்கு அவரிடம் காரணம் இருக்கும். விட்டுவிடுங்கள்.

சபைக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று வற்புறுத்த வேண்டாம். கிறிஸ்தவ சபைகளைச் சபை என்ற பெயரிலேயே பதிவு செய்ய அங்கே சரியான வழி இல்லை. சில தொண்டு நிறுவனமாகப் பதிந்திருக்கும். சிலவற்றின் நிலம் ஒரு விசுவாசியின் பெயரில் இருக்கும். சபைக்குப் பதிவு இல்லாததைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இல்லம் என்றால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

நேபாள அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு தம் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 158ஆம் பிரிவின்படி, மதம் மாற்றினாலும் மாற்ற முயன்றாலும் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அயல்நாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்புவார்கள். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2016இல், தோலகா மாவட்டத்துச் சரிகோட்டில் நிலநடுக்கத்தால் கலங்கிய பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறுதல் வகுப்பு நடந்தது. இயேசுவின் கதையைப் படங்களாகச் சொல்லும் புத்தகத்தை அங்கே கொடுத்ததாக 8 பேர் கைதானார்கள். ஆண்டு முடிவில் விடுதலை கிடைத்தது. அதுவரை பட்ட அலைச்சல் அவர்களுடையது.

எனவே கைப்பிரதி வேண்டாம், தெருப் பிரசங்கம் வேண்டாம். அரிசியோ மருந்தோ கொடுக்கும் இடத்தில் ஜெபக்கூட்டத்தைச் சேர்க்க வேண்டாம். போகிற வழியிலேயே ஃபேஸ்புக்கில் ஊர்ப்பெயரோடு படம் போட வேண்டாம். "அறுவடை", "ஆத்தும ஆதாயம்" என்று நாம் வழக்கமாக எழுதும் சொற்கள் அங்குள்ள போதகருக்கு எதிரான ஆவணமாக மாறலாம். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள்; போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிடப்படுபவர் அவர்தான்.

ஆட்கள், வழி, காலம்

நான்கைந்து பேருக்குமேல் வேண்டாம். முப்பது பேர் உட்காரும் அறைதான் பல ஊர்களில் ஆலயம். பதினைந்து பேர் போய் இறங்கினால் போதகரின் மனைவிக்கு அன்று முழுக்க அடுப்படிதான். குழுவில் பெண்கள் இருவராவது இருக்கட்டும். போதகர் வீட்டில் அனைவரும் தங்காமல் பக்கத்து லாட்ஜில் அறை எடுங்கள். சாப்பாடு மட்டும் ஒருவேளை அவர்கள் வீட்டில் இருந்தால் அது அவர்களுக்கும் மகிழ்ச்சி.

கையில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். விமானம் என்றால் டெல்லி வழியாகக் காட்மாண்டு. தரைவழி என்றால் ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி, எல்லையை நடந்தே கடந்து பைரஹவாவில் நேபாளப் பஸ். பீகார் வழியாக ரக்சால்–பீர்கஞ்ச் பாதையும் உண்டு. மலைப்பாதையில் இரவுப் பஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மண்சரிவும் இருக்கும். மார்ச், ஏப்ரல் நல்ல காலம். அக்டோபர், நவம்பரும் நன்றாக இருக்கும், ஆனால் தசைன் பண்டிகை அப்போது வருவதால் பஸ்ஸில் இடம் கிடைக்காது. இந்திய ரூபாய் 100க்கு நேபாள ரூபாய் 160 என்பது 1993 முதல் மாறாத விகிதம். சிறிய தாள்களாகவே பணம் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளிவையுங்கள்.

சனிக்கிழமை

செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கைகூப்பி "ஜெய்மசி" என்றால் அதுதான் அவர்களுடைய ஸ்தோத்திரம். மூத்த ஆண்களைத் "தாய்" என்றும் பெண்களைத் "திதி" என்றும் கூப்பிடுவார்கள். நாம் அண்ணன், அக்கா என்பது போல.

செய்தி கொடுக்கச் சொன்னால் பத்து நிமிடத்துக்குள் முடியும்படி ஆயத்தம் செய்யுங்கள். தமிழில் பேசி, அதை ஒருவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லி, இன்னொருவர் நேபாளியில் சொல்வதற்குள் கூட்டம் களைத்துவிடும். எதுகை மோனையோடு மூன்று குறிப்புகள் கொண்ட பிரசங்கம் அந்தப் பாதையில் உயிர் பிழைக்காது. எளிய இந்தி தெரிந்தவர் குழுவில் இருந்தால் அவரே பேசட்டும். பலருக்கு நேரடியாகவே புரியும். உங்கள் பாட்டை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைவிட அவர்கள் பாட்டு ஒன்றைப் போகும் முன்பே கற்றுக்கொண்டு போங்கள்.

ஆராதனை முடிந்தபின் டீ குடிக்கும் நேரம்தான் பயணத்தின் மையம். கேளுங்கள். ஆண்கள் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய்விட, பெண்களும் முதியோரும் தாங்கி நிற்கும் சபைகள் அங்கே ஏராளம். நம் கடலோர ஊர்களுக்கும் தெரிந்த வேதனைதான் அது. அடக்கம் பண்ண இடமில்லாத கவலையும் உண்டு. பசுபதிநாத் கோயிலை ஒட்டிய காட்டில் கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்வது 2011இல் தடைபட்டது முதல் காட்மாண்டுச் சபைகளுக்கு அது தீராத பாடு. ஜெபக்குறிப்புகள் இப்படித்தான் கிடைக்கும். ஊரில் உட்கார்ந்து நாமாக எழுதிக்கொள்ள முடியாது.

பிள்ளைகள் இல்லம்

இதில்தான் நம் சபைகள் அதிகமாக யோசிக்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சில நாள் பயணமாகப் போகிற குழு பிள்ளைகள் இல்லத்துக்குப் போகாமலிருப்பதே நல்லது. இல்லத்தை நடத்துகிறவர்களோடு பேசித் தீர்க்க வேண்டிய காரியம் இருந்தால் மட்டும், பொறுப்பான ஒருவரோ இருவரோ போகலாம்.

காரணம் உண்டு. 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க் காலத்தில், ஹும்லா போன்ற தூரத்து மலை மாவட்டங்களில் தரகர்கள் வீடுவீடாகப் போனார்கள். "பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்கிறோம்" என்று சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப்போனார்கள். அந்தப் பிள்ளைகள் பலர் அனாதைகள் என்ற பெயரில் இல்லங்களில் சேர்க்கப்பட்டார்கள். இல்லங்கள் பெருகியது காட்மாண்டு பள்ளத்தாக்கிலும் பொக்காராவிலும் சித்வானிலும், அதாவது வெளிநாட்டார் வந்துபோகும் இடங்களில். இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குமேல் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று யுனிசெஃப் முதலியோர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியும் இல்லை. 2011இல் கோயம்புத்தூரில் ஒரு இல்லத்திலிருந்து நேபாளச் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். கிறிஸ்தவ இரத்தசாட்சிகளின் பிள்ளைகள் என்று காட்டி அவர்கள் பேரில் காணிக்கை திரட்டப்பட்டது. அவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். கொடுத்தவர்கள் கண்ணீரோடும் நல்ல மனத்தோடும்தான் கொடுத்தார்கள். அந்தக் காணிக்கைதான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்தது. 2019இல் ஐ.நா. பொதுச்சபை பெற்றோர் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், இல்லங்களைச் சுற்றி வளரும் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் கேட்டையும் எடுத்துச் சொன்னது.

போகத்தான் வேண்டும் என்றால், போகும் முன் எழுத்தில் கேளுங்கள். நகராட்சியின் அனுமதி இருக்கிறதா? தேசியக் குழந்தை உரிமைக் குழு கடைசியாக எப்போது வந்து பார்த்தது? எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள், அவர்களை இங்கே கொண்டுவந்தது யார்? போன தசைனுக்கு எத்தனை பேர் வீட்டுக்குப் போய்வந்தார்கள்? திரும்ப வீட்டோடு சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஒருவரும் வீடு திரும்பாத இல்லத்தில் எதையோ மறைக்கிறார்கள், அல்லது யாரும் முயலவில்லை. இல்லம் உங்களிடமும் கேள்வி கேட்க வேண்டும்: நீங்கள் யார், உங்கள் மேல் வழக்கு உண்டா, யார் உங்களுக்குச் சாட்சி? எதுவும் கேட்காமல் முன்பின் அறியாத ஆட்களைப் பிள்ளைகள் தூங்கும் அறைவரை விடும் இல்லம் பாதுகாப்பான இடம் ஆகாது.

உள்ளே போனால் படம் எடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குத் தனியாக மிட்டாயோ பொம்மையோ கொடுக்காதீர்கள். மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "உன் அப்பா அம்மா எங்கே?" என்று கேட்காதீர்கள். வரிசையில் நிறுத்திப் பாடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "அடுத்த வருஷம் வருவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; அதை நம்பி நாள் எண்ணும் பிள்ளை உண்டு. வந்து, அணைத்து, அழுது, போய்விடும் புதிய மாமாக்களும் அத்தைகளும் அந்தப் பிள்ளையின் மனத்தில் கைவிடப்பட்ட நாளைத்தான் திரும்பத் திரும்ப நடத்திக்காட்டுகிறார்கள்.

அடிப்பதாக, பட்டினி போடுவதாக, தவறாகத் தொடுவதாக ஏதாவது தெரிந்தால் நீங்களே விசாரிக்க இறங்க வேண்டாம். நேபாளத்தின் குழந்தைகள் உதவி எண் 1098. இந்தியாவிலும் அதே எண்தான்.

பணம்

காணிக்கையைப் போதகர் கையில் தனியாகக் கொடுக்காமல் மூப்பர்கள் முன்னிலையில் கொடுத்து இரசீது வாங்குங்கள். முதல் பயணத்திலேயே ஆலயக் கட்டடத்துக்குப் பொறுப்பேற்காதீர்கள். நிலம் தனியாள் பெயரில் இருந்தால் பின்னால் வழக்கு வரலாம். போதகருக்கு மாதச் சம்பளம் அனுப்புவதிலும் நிதானம் வேண்டும். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஊழியத்தை நம் பணத்திலேயே நடத்த வேண்டும் என்பதில் நம் முன்னோர் உறுதியாக இருந்தார்கள். நேபாளத்தாருக்கும் அந்த உரிமை உண்டு. சம்பளம் சென்னையிலிருந்து வந்தால், போதகர் தம் சபையாரைவிட்டுச் சென்னையின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

பிள்ளைகளுக்குக் கொடுக்க விரும்பினால் வீட்டில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள்: பள்ளிக் கட்டணம், தகப்பன் இல்லாத வீட்டில் தாய்க்கு ஆடு வாங்கவோ கடை வைக்கவோ முதல், இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் கூடப் போகும் பணியாளருக்கும் வழிச்செலவு. இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துப் பராமரிக்கும் செலவைவிட இது பெரும்பாலும் குறைவாகவே ஆகும்.

உங்கள் பணம் அறக்கட்டளைப் பணமாக இருந்தால், வெளிநாட்டில் செலவிட வருமானவரிச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. ஆடிட்டரிடம் பேசாமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

திரும்பி வந்தபின்

சாட்சிக் கூட்டத்தில் காட்டும் படங்களில் நேபாள விசுவாசிகளின் முகமும் ஊர்ப்பெயரும் வேண்டாம். அறிக்கை எழுதினால் அச்சுக்குப் போகும் முன் அங்குள்ள போதகருக்கு அனுப்பி, அவர் எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள். அங்கே என்னென்ன செய்வதாகச் சொன்னீர்கள் என்று குழுவாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, யார் எதற்குப் பொறுப்பு என்று பெயர் போட்டு, சபைச் செயலரிடம் கொடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, சனிக்கிழமை பிற்பகலில், ஆராதனை முடிந்து போதகர் வீட்டில் இருக்கும் நேரத்தில் கூப்பிடுங்கள். டீ குடிக்கும்போது அவர்கள் சொன்ன காரியங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: அடக்க நிலம் என்ன ஆயிற்று, மலேசியா போன மகன் பேசினானா, வீட்டுக்கு அனுப்பிய பெண்பிள்ளை பள்ளிக்குப் போகிறாளா.