உருவம் வேறு, உறவு வேறு

கேளம்பாக்கத்தில் உப்பளமும் சவுக்குத் தோப்பும் அடுக்குமாடி வீடுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இவ்விடங்கள் எல்லாவற்றிலும் வாடகையின்றிக் குடியிருப்பவர் ஒருவர் உண்டு. அவர்தாம் சிலந்தியார்!

அறிவியல் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், சுற்றுப்புறத்தில் கண்ட சிலந்திகளை வகைப்படுத்தி ஒரு பெரிய அட்டவணை எழுதினோம். பெருமையுடன் கொண்டு போய்க் காட்டினோம். அறிவியல் கற்பிக்கும் சகோதரி அவர்கள் சிவப்பு மையால் மூன்று இடங்களில் கோடிட்டார்கள். அம்மூன்று பிழைகளிலிருந்து நாங்கள் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

முதற் பிழை தலைப்பிலேயே இருந்தது. ‘எட்டுக்கால் பூச்சிகள்’ என்று எழுதியிருந்தோம். பூச்சிக்கு ஆறு கால்கள், தலை, மார்பு, வயிறு என உடல் மூன்று பகுதி, உணர்கொம்புகளும் உண்டு. சிலந்திக்கோ தலையும் மார்பும் இணைந்து இரண்டே பகுதி, உணர்கொம்பு இல்லை. இரண்டும் கணுக்காலிகளே ஆயினும், சிலந்தியின் நெருங்கிய சுற்றத்தார் ஈயும் எறும்பும் அல்ல. தேளும் உண்ணியும் ஆகும்.

இரண்டாம் பிழை: மாமரத்தில் கண்ட ஒன்றை ‘எறும்பு’ என்று நீக்கிவிட்டோம். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பைப் போலவே அது இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் எட்டுக் கால்களும், முகத்தில் இரண்டு பெரிய கண்களும் தெரிந்தன. முன்கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டி ஏமாற்றும் எறும்புச் சிலந்தி அது! நம் வீட்டுச் சுவரில் தாவித் திரியும் சிலந்தியின் குடும்பமே அதன் குடும்பமும்.

மூன்றாம் பிழைதான் பெரிது. வட்ட வலை பின்னுபவை ஒரு குடும்பம், வலையே பின்னாதவை வேறு குடும்பம் என்று பிரித்திருந்தோம். வேலிச் செடியில் பெருக்கற்குறி போல வெள்ளைக் கோடிட்டு வலை கட்டுவது ஆர்ஜியோப். சாமான் அறை மூலையில் படுக்கைவாட்டில் வட்ட வலை கட்டுவது ஸோசிஸ். முன்னதன் வலையில் பசைத்துளிகள் இரையை ஒட்டிக்கொள்ளும். பின்னதன் வலையிலோ பசையில்லை, பஞ்சு போன்ற மெல்லிழைகளே சிக்க வைக்கும். 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள், ஸோசிஸின் குலம் ஆர்ஜியோப்பைவிட, வலை பின்னாத தாவும் சிலந்திக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. வட்ட வலை பழைய மூதாதையரின் சொத்தா, இருமுறை தனித்தனியே தோன்றியதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

உறவை ஆராய்ந்தால் நிலத்தின் வரலாறும் புலப்படும். மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தியாகிய பொசிலோதீரியா, உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. இராமேசுவரத்தில் கண்ட ஓர் இனத்துக்கு 2004இல் ‘ஹனுமாவிலாசுமிகா’ என்று பெயரிட்டனர். பின்னர் அதே இனம் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் காணப்பட்டது. பனிக்காலங்களில் கடல் மட்டம் தாழ்ந்து இரு நிலங்களும் இணைந்திருந்தன அல்லவா? அந்நாளின் சாட்சியாக இச்சிலந்தியை எண்ண இடமுண்டு. ஆனால் பழைய மரங்கள் வெட்டப்படுவதால் இச்சாட்சி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

உலகில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்குப் பெயர் சூட்டியுள்ளனர். பெயர் பெறாதவை இன்னும் பல. தோழியரே, அடுத்தமுறை ஒட்டடைக் கோலை எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெளித்தோற்றத்தைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். நாங்கள் அப்படிச் செய்துதான் மூன்று சிவப்புக் கோடுகள் வாங்கினோம்!