மீட்டர் சொல்லும் கணக்கு

கோலார் தங்கவயல். சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு லைன் வீடு. கரண்ட் பில் வந்திருந்தது.

எப்போதும் பணம் கட்டத் தேவை இருக்காது. இந்த மாதம் பில் பணம் கேட்டது. முன்பு என்றால் ஆயா பக்கத்து வீட்டுக்கு ஓடுவார். இப்போது அவருக்கு எழுத்தும் எண்ணும் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லைப் பார்த்தார்.

"ஆயா, நம்ம ஊருக்குக் கரண்ட் எப்போ வந்தது?" என்று பேரன் கேட்டான்.

"பெங்களூருக்கு முன்னாடியே வந்துடுச்சு கண்ணு. சுரங்கத்துல வேலை செஞ்ச உங்க தாத்தா சொல்லுவாரு."

தாத்தா சொன்னது உண்மை.

காவிரி தந்த மின்சாரம்

தங்கம் பாறைக்குள் இருந்தது. பாறையை வெட்டி மேலே தூக்க வேண்டும். தூளாக்க வேண்டும். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க வேண்டும். முதலில் இதற்கு நீராவி இயந்திரங்கள் ஓடின. விறகுக்கும் நிலக்கரிக்கும் செலவு அதிகம்.

மைசூர் அரசு ஒரு வழி கண்டது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. நீரின் வேகம் சக்கரத்தைச் சுழற்றும். அதனால் மின்சாரம் கிடைக்கும். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் வேலை தொடங்கியது. 1902 ஜூன் மாதம் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. கம்பி வந்த தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்த நாளில் உலகின் மிக நீண்ட மின் பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான்.

அன்று மின்சாரம் வந்தது தங்கத்துக்காக. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று மின்சாரம் நம் வீட்டுத் தேவை. அதன் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும்.

ஆயா போட்ட கணக்கு

மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறார்கள். 10 வாட் பல்பு 100 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட்.

2023 ஆகஸ்டில் கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டம் வந்தது. இதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவு உண்டு. அதுவரை இலவசம். அதைத் தாண்டிய யூனிட்டுக்குப் பணம். மொத்தம் 200 யூனிட்டைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் பணம்.

ஆயா வீட்டின் அளவு 80 யூனிட். பில்லில் இப்படி இருந்தது:

இந்த மாத எண்: 1,391
போன மாத எண்: 1,221
செலவு: 170 யூனிட்

ஆயா எழுந்து மீட்டரைப் பார்த்தார். அதில் 1,294 என்று இருந்தது.

"மீட்டர் ஏறுமே தவிர இறங்காது. நாலு நாள் முன்னாடி 1,391 எப்படி இருந்திருக்கும்?" என்றார்.

எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டார். பில்லையும் எடுத்துக்கொண்டு மின்சார ஆபீசுக்குப் போனார். அங்கே சரிபார்த்தார்கள். அன்று மீட்டரில் இருந்த எண் 1,291. பில்லில் 2 என்பது 3 ஆகிவிட்டது.

1,291-ல் 1,221 போனால் 70. புதிய பில் வந்தது. பணம் கட்ட வேண்டியதில்லை.

பில்லில் கன்னட எழுத்து இருக்கலாம். எண்கள் நாம் படித்த எண்கள்தான்.

பயிற்சி

1. போன மாத எண் 845. இந்த மாத எண் 902. எத்தனை யூனிட் செலவு?
2. உங்கள் வீட்டு மீட்டரைப் பாருங்கள். இன்றைய எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள்.