அட்டியில் இருக்கும் மூட்டை சும்மா நிற்பதில்லை



குடோனில் பத்து வரிசை உயரத்துக்கு மூட்டைகளை அட்டி போட்டுவிட்டு இரவு பூட்டிக்கொண்டு போகிறோம். காலையில் திறந்தால் போட்டது போட்டபடியே நிற்கிறது. ‘அது பாட்டுக்கு நிற்கிறது’ என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எந்தப் பொருளும் அது பாட்டுக்கு நிற்பதில்லை. அதன் மீது பல விசைகள் இரவும் பகலும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொள்வதால் அசைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைப் பழைய எஸ்.எஸ்.எல்.சி.யில் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். ஆனால் அது புரிந்தது 2004-ஆம் ஆண்டில், என் குடோனில் அட்டி சரிந்து ஒரு தொழிலாளியின் கால் முறிந்த பிறகுதான். அந்தக் கதைக்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

50 கிலோ மூட்டை ஒன்று தரையில் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது. புத்தகக் கணக்கில் இது 490 நியூட்டன். நம் கணக்கில் 50 கிலோ எடை என்றே வைத்துக்கொள்வோம். தரையும் அதே 50 கிலோ அளவுக்கு மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறது. பத்து மூட்டை அடுக்கினால் அடி மூட்டையின் தலையில் 450 கிலோ. தன் எடையும் சேர்த்து அது தரையை 500 கிலோவால் அழுத்துகிறது. அடி வரிசைச் சாக்கில் தையல் விட்டுப் போவதற்கு நாம் எலியைக் குறை சொல்கிறோம். பாதி நேரம் காரணம் இந்த 450 கிலோதான்.

இது மேலும் கீழுமான விசை. அட்டியைச் சாய்ப்பது பக்கவாட்டு விசை. அதைத் தடுத்து நிறுத்துவது மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையே உள்ள உராய்வு. இதை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளப் பலகையில் காலிச் சாக்கு ஒன்றை ஆணி அடித்துப் பரப்புங்கள். அதே வகைச் சாக்கில் ஐந்து கிலோ சரக்கைக் கட்டி அதன்மேல் வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எந்த உயரத்தில் பை வழுக்கத் தொடங்குகிறதோ, அந்த உயரத்தைப் பலகையின் கீழ் உள்ள தரை நீளத்தால் வகுத்தால் உராய்வு எண் கிடைத்துவிடும்.

நான் செய்து பார்த்ததில் சணல் கோணி 48 செ.மீ. உயரம் வரை பிடித்துக்கொண்டு நின்றது. அதாவது 0.55. பிளாஸ்டிக் சாக்கு 30 செ.மீ. உயரத்திலேயே வழுக்கிவிட்டது. இது 0.3-க்குச் சற்று மேல். சாக்குக்குச் சாக்கு இது மாறும். உங்கள் சரக்கை நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்து கிலோவுக்குப் பதில் பத்து கிலோ வைத்தாலும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் வழுக்கியது. எடை கூடும் அளவுக்கு உராய்வும் கூடுகிறது. வழுக்க வைக்கும் விசையும் கூடுகிறது. பிரான்ஸ் நாட்டு அமோந்தோன் 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த விதி இது. ஆகவே ‘கனமான மூட்டை, நகராது’ என்று நாம் சொல்வது பாதி உண்மைதான்.

அடுத்தது சாய்வு. மூட்டையின் அகலம் 54 செ.மீ. என்று கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை 27. பத்து மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிட 5 செ.மீ. வெளியே தள்ளி இருந்தால், மேல் ஒன்பது மூட்டைகளின் எடை மையம் அடி மூட்டையின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி நிற்கும். இது ஓரத்துக்குள் இருப்பதால் அட்டி நிற்கும். 5 செ.மீ.க்குப் பதில் 6 ஆனால் எடை மையம் 30 செ.மீ. தள்ளிப் போய்விடும். அட்டி விழும். நிற்பதற்கும் விழுவதற்கும் இடையில் மூட்டைக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர். உண்மையில் அதுகூட இல்லை. மூட்டையின் ஓரம் உருண்டிருப்பதால் முழு 27 செ.மீ. நமக்குக் கிடைப்பதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு வந்துகொண்டிருந்த மைதா கோணியிலிருந்து பிளாஸ்டிக் சாக்குக்கு மாறியிருந்த சமயம். சாக்கு மாறியது, நான் அட்டியின் உயரத்தை மாற்றவில்லை. அதே பத்து வரிசை. இடம் மிச்சம் என்று சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னேன். சுவர் ஒரு பலம் என்பது என் நினைப்பு. ஆனால் அட்டி சுவரை எவ்வளவு தள்ளுகிறதோ, சுவரும் அட்டியை அதே அளவு முன்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதியை எழுதி மார்க் வாங்கியவனுக்கு இது தோன்றவில்லை. மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைக்காததால், முன்வரிசை பின்வரிசையோடு பிணைப்பில்லாமல் தனியாக நின்றது.

அப்படியே மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் கீழிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு மூட்டை கிழிந்து மாவு கொட்டுவதைப் பார்த்தேன். அதை உருவி எடுக்கச் சொன்னதும் நான்தான். அவர் தயங்கினார், “மேலிருந்து இறக்கிட்டு எடுக்கலாம் முதலாளி” என்றார். லாரி காத்திருக்கிறது என்று நான் அவசரப்படுத்தினேன். மூட்டையை இழுத்தபோது மேலே இருந்ததும் பக்கத்தில் இருந்ததும் சேர்ந்து முன்னால் நகர்ந்தன. அந்த ஒரு சென்டிமீட்டர் அப்போது தீர்ந்துவிட்டது.

50 கிலோ மூட்டை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, 10 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்றால், அந்த நேரத்தில் அது கொடுக்கும் சராசரி விசை சுமார் 800 கிலோ எடைக்குச் சமம். தாங்கிப் பிடித்துவிடலாம் என்று யாரும் கை நீட்டக் கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன். அவர் ஆறு மாதம் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவும் வீட்டுச் செலவும் என்னுடையது. இன்றும் மழைக்காலத்தில் அவர் காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார்.

லாரியிலும் இதே கணக்குதான். 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி 28 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு 50 கிலோ மூட்டையையும் சுமார் 25 கிலோ விசை பிடித்து நிறுத்தியாக வேண்டும். பிளாஸ்டிக் சாக்கின் உராய்வு தருவது 15 கிலோதான். மீதி 10 கிலோவைக் கயிறு தர வேண்டும், அல்லது டிரைவருக்குப் பின்னால் உள்ள கேபின் தகடு தர வேண்டும். கயிறு கட்டுகிற கூலியில் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தத் தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்கட்டும்.

இப்போது எங்கள் குடோனில் பிளாஸ்டிக் சாக்கு என்றால் எட்டு வரிசைதான். சுவரில் அந்த உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்க இரண்டடி இடம் உண்டு. வரிசைக்கு வரிசை மூட்டையின் திசை மாறும். எடுக்கும்போது மேலிருந்து, படிக்கட்டு மாதிரி. புது வகைச் சாக்கு வந்தால் முதலில் பலகைச் சோதனை. அதைச் செய்வது காலை இழுத்து நடக்கும் அந்த அண்ணாச்சிதான். அவர் சரி என்று சொல்லாமல் ஒன்பதாவது மூட்டையை நானே வைக்கச் சொன்னாலும் யாரும் வைப்பதில்லை.