கோடு மேலேயா, கீழேயா?

பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தில் ஹார்மோனியம், சனிக்கிழமை பாட்டு மாமியிடம் வர்ணம். போன வாரம் இரண்டு நோட்டையும் என் முன்னால் விரித்தாள். "ஸ்கூல்ல ரிக்குக் கீழே கோடு போட்டா கோமல்ங்கறா. மாமி மேலே கோடு போட்டு வேகமாப் பாடுங்கறா. எது மாமா சரி?"

இரண்டும் சரி. ஸ்வரம் எழுதும் முறை எங்கும் ஒன்றே என்ற நம்பிக்கைதான் தப்பு. பள்ளியில் சொல்லித்தருவது ஹிந்துஸ்தானி இசைக்கான பாத்கண்டே முறை. 1860இல் இதே பம்பாயில் பிறந்து, வக்கீல் தொழிலை விட்டுப் பாட்டுக்கு வந்தவர் அவர். அவர் முறையில் கீழ்க்கோடு ஸ்வரத்தை இறக்கும்; அதுதான் கோமல். நம் கர்நாடக முறையில் மேலே ஒரு கோடு போட்டால் வேகம் இரட்டிக்கும், இரண்டு கோடு போட்டால் நான்கு மடங்கு. புள்ளியில் மட்டும் சண்டை இல்லை. மேலே வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்திர ஸ்தாயி, இரண்டு பேருக்கும்.

"அப்போ நம்ம நோட்டுல கோமல் எங்கே?" என்றாள். நல்ல கேள்வி. அதை ராகத்தின் பெயர் பார்த்துக்கொள்கிறது. ரி என்று எழுதியிருந்தால் ரி தானே என்று நினைப்போம். கீபோர்டில் 'ஒரு கட்டை' சுருதியை, அதாவது C-யை, ஸட்ஜமமாக வைத்துக்கொண்டு பாருங்கள்: மாயாமாளவகௌளையின் ரி கறுப்புக் கட்டையில் விழும், சங்கராபரணத்தின் ரி அடுத்த வெள்ளைக் கட்டையில். தாளில் இரண்டுக்கும் அதே 'ரி'தான். பக்கத்தின் தலைப்பைப் படிக்காமல் ஸ்வரத்துக்குத் தாவக் கூடாது. அந்த ஸட்ஜமத்துக்கும் நிலையான இடம் கிடையாது. ஐந்து கட்டையில் பாடும் மாமிக்கும் ஒரு கட்டையில் பாடும் மாமாவுக்கும் நோட்டு ஒன்றே. மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில் அப்படி இல்லை. தொடக்கத்தில் போட்ட சாவிக்குறியே எந்தக் கோடு எந்தச் சுருதி என்று கட்டிவைத்துவிடும்.

நோட்டுப் படிக்க வருஷக்கணக்காகும் என்பார்கள். குறிகளைப் புரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதும். குறில் ஒரு எண்ணிக்கை, நெடில் இரண்டு. காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. 'ஸா , ரி' என்றால் நான்கு. ஆதி தாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு, முடிவில் இரட்டைக் கோடு. கண் பழகத்தான் நாளாகும்.

எழுதிப் பாடுவது வெள்ளைக்காரன் சரக்கு என்ற பேச்சும் உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலைப் பாறையில் ஏழு ராகங்களுக்கு ஸ்வரங்களை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

படித்து வாசிப்பவனுக்குக் காது மந்தம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராக்களை நிரப்பிய கோவாக்காரர்களில் பலர் சர்ச் பள்ளிகளில் ஐந்து கோட்டைப் படித்து வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஆண்டனி கொன்சால்வெஸ்தான் இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் ஆசிரியர். அவர்களுக்கா காது இல்லை?

ஆனால் நோட்டு இருந்தால் குரு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோடியின் காந்தாரம் தாளில் வெறும் 'க'. மாமி பாடும்போது அது ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. இந்தச் சங்கடம் எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதருக்கும் இருந்தது. 1904இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இப்படி ஸ்வரத்தை அசைக்கும் கமகங்களுக்கென்றே தனித்தனிக் குறிகள் போட்டார். அதே ஆண்டு பாத்கண்டே தெற்கே வந்து அவரைப் பார்த்துப் பேசியும் இருக்கிறார்.

அந்தப் பெண்ணின் தோடி வர்ண நோட்டில் 'க'வுக்கு மேலே பென்சிலால் ஒரு அலை நெளிந்திருந்தது. யார் சொல்லித்தந்தார்கள் என்று கேட்டேன். "யாருமில்லை. மாமி குரல் அங்கே அப்படித்தான் போச்சு." கம்பிதம் என்ற கமகத்துக்குத் தீட்சிதர் போட்ட குறியும் அலைதான்.