தொழிலுக்கேற்ற வண்டி

பண்டைத் தமிழகத்தில் உப்பு விற்று வாழ்ந்த உமணர் என்பார், மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழிகளில் வண்டி செலுத்துங்கால், இடையில் அச்சு முறியினும் முறியும் எனக் கருதி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்றனர். சேம அச்சு எனப்படும் அதனை ஔவையார் புறநானூற்றில் ஒரு தலைவனுக்கு உவமையாக்கியிருத்தலைத் தமிழ் பயில்வோர் அறிவர். புலவர்க்கு அஃது உவமை. உமணர்க்கோ அதுவே பிழைப்பு. பிறரிடம் மாதச் சம்பளத்துக்கு நில்லாமல் தம் முயற்சியால் வாழ்வோர்க்கு வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும் அன்றோ?

இக்காலத்துத் தச்சர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன், பெயிண்டர் முதலிய கைத்தொழிலாளர் நிலையும் இதுவே. அன்னார் தம் தொழிலுக்கென ஒரு வேனோ லோடு வண்டியோ வாங்கப் புகுங்கால் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூற முயல்வோம். இலக்கியம் கற்கும் மாணவர்க்கு வேனைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு எனச் சிலர் வினவலாம். எம் குடும்பம் இதனைத் தவறு செய்து கற்றது. அதுவே எம் தகுதி.

எம் சிற்றப்பா நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரில் தச்சுத் தொழில் செய்பவர். கதவு, சன்னல், சமையலறை அலமாரி, கோயிற் பெஞ்சு ஆகியவற்றை இரண்டு உதவியாட்களோடு செய்து வருகிறார். 2018-ஆம் ஆண்டில் அவர் ஒன்றேகால் டன் சுமக்கும் புதிய திறந்த லோடு வண்டியொன்றை ஐந்தாண்டுத் தவணையில் வாங்கினார். பெரிய வண்டி வாசலில் நின்றால் பெரிய வேலை தேடி வரும் என்பது அவர் எண்ணம். வந்ததோ தவணை நாள். அதனைக் கட்டுதற்காக அவர் வாழைத்தாரும் செங்கல்லும் ஏற்றி வாடகைக்கு ஓடலானார். ஓடிய நாட்களில் பட்டறை பூட்டிக் கிடந்தது. ஒப்புக்கொண்ட கதவுகள் காலந்தாழ்ந்தன. பன்னாள் வாடிக்கையாளர் வேறு தச்சரை நாடினர். 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது வாடகையும் இல்லை, தச்சு வேலையும் இல்லை. 2021-இல் வண்டியை விற்றார். விற்ற பணம் கடனுக்குப் போதாமையால் சிற்றன்னையின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. தொழிலுக்காக வாங்கிய வண்டி தொழிலையே விழுங்கிற்று என்று கூறுதல் மிகையன்று.

2023-இல் மீண்டும் வண்டி வேண்டியிருந்தது. அப்பொழுது அவர் எம்மை அழைத்து, “மக்களே, இம்முறை வண்டியைப் பார்க்கும் முன் என் வேலையைப் பார்ப்போம், நீ எழுது” என்றார். விடுமுறையாதலின் யாம் முப்பது நாட்கள் ஒரு குறிப்பேடு எழுதினோம். அன்றன்று ஏற்றிய பொருள் யாது, அதன் எடை எவ்வளவு, மிக நீண்ட பொருளின் நீளம் என்ன, சென்று மீண்ட தொலைவு எத்தனை கிலோமீட்டர், வண்டி நிற்க இடம் உண்டா என்னும் ஐந்தே கேள்விகள். வேலை நடந்த நாட்கள் 24. அவற்றுள் 19 நாட்களில் அவர் ஏற்றியவை கருவிகள், கீல், திருகாணி, சிறு சட்டங்கள் மட்டுமே. எடை 100 கிலோவைத் தாண்டவில்லை. 4 நாட்களில் பிளைவுட் பலகைகள். ஒரே ஒரு நாளில் செய்து முடித்த பெரிய அலமாரி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓட்டம். அக்குறிப்பேடே பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று.

சுமையின் அளவு

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று சுமையில்லா எடை. மற்றது சுமையுடன் கூடிய மொத்த எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க எஞ்சுவதே வண்டி ஏற்கத்தக்க பாரம். அதனுள் ஓட்டுநர் எடையும் உடன் அமர்வோர் எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். வாங்கிய பின்னர்ப் பொருத்தும் கூண்டு, மேற்கம்பி, உள்ளே அமைக்கும் தட்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் அப்பாரத்தைக் குறைக்கும். எம் சிற்றப்பா பின்னர்த் தம் வேனுக்குள் அமைத்த தட்டுகளை நிறுத்துப் பார்த்தபோது 60 கிலோ இருந்தது.

எடையைக் கண்ணால் அளத்தல் ஆகாது. 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளைவுட் பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ இருக்கும்; இருபது பலகை ஏற்றின் 700 கிலோ ஆகிவிடும். சிமெண்டு மூட்டை 50 கிலோ. பதினைந்து மூட்டை 750 கிலோ. மென்மையான பொருளாயினும் அளவு மிகின் அச்சு தாங்காது என்பதை வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வண்டியைக் கொண்டே விளக்கியிருத்தல் ஈண்டு நினைக்கத்தக்கது.

எடையோடு நீளமும் நோக்கற்பாலது. 2005-இல் வெளிவந்து நம் மக்களால் குட்டி யானை என அழைக்கப்படும் டாட்டா ஏஸ் வண்டியின் சுமைத்தட்டு ஏறத்தாழ ஏழேகால் அடி நீளமே உடையது. எட்டடிப் பலகை அதில் முழுதும் படியாது. 2011-இல் வந்த அசோக் லேலண்டு தோஸ்து வண்டியின் தட்டு எட்டடியைச் சற்றே மிஞ்சும். பிளம்பருக்கு இருபதடிக் குழாய், தச்சருக்கு எட்டடிப் பலகை, பெயிண்டருக்கு ஏணி என அவரவர் தொழிலில் மிக நீண்ட பொருள் எதுவோ அதனை நாடா கொண்டு அளந்து, அதே நாடாவோடு வண்டி பார்க்கச் செல்லுதல் நலம்.

திறந்த தட்டும் மூடிய வேனும்

திறந்த வண்டியில் ஏற்றுதலும் இறக்குதலும் எளிது; உயர்ந்த பொருளும் கொள்ளும். ஆனால் இரவில் கருவிகளை வண்டியில் விட இயலாது. நாள்தோறும் காலையில் ஏற்றி மாலையில் இறக்க அரை மணியேனும் செல்லும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் நனைந்த பலகை உப்பிப் பயனற்றுப் போதலும் உண்டு. மூடிய வேனைப் பூட்டலாம். மழைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அதில் பெரும்பாலும் இரண்டே இருக்கைகள். மூன்றாமவரைச் சரக்கோடு ஏற்றுதல் சட்டத்துக்கு மாறானது, உயிருக்கும் கேடு. ஆகவே அவர் பேருந்திலோ இரு சக்கர வண்டியிலோ வருதல் வேண்டும். இக்குறையை அறிந்தே தேர்ந்தெடுத்தல் முறை.

எரிபொருள்

நாள்தோறும் நெடுந்தூரம் பாரத்தோடு செல்வோர்க்கு டீசல் பொருந்தும். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கு ஏற்ப, டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அமைந்துள்ளது. அதில் சேர்ந்த கரி எரிந்து தூய்மையாவதற்கு வண்டி சிறிது நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று செல்வோர் வண்டியில் அஃது அடைத்துக்கொள்ளும். சி.என்.ஜி. செலவைக் குறைக்கும், எனினும் அதன் உருளை இடத்தையும் எடையையும் கவரும், அதனை நிரப்பும் பங்கு நாம் செல்லும் வழியில் உளதா என்பதும் கேட்கற்பாலது. மின்சார வண்டி, நாளோட்டம் குறுகியதாகவும் இரவில் வீட்டு வாசலில் மின்னேற்ற வசதி உள்ளதாகவும் இருப்போர்க்கு ஏற்றது. எவ்வாறாயினும் முதலில் அறிய வேண்டுவது தம் நாளோட்டமே.

பணத்தின் கணக்கு

ஐந்து இலட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி, 60 மாதத் தவணை எனக் கொள்வோம். குறைந்து வரும் முதலுக்கே வட்டி கணக்கிடின் மாதத் தவணை 11,122 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 1,67,000 ரூபாய். அதே பன்னிரண்டைப் பிளாட் வட்டி என்று சொன்னாலோ, முதல் குறையினும் வட்டி குறையாது. மாதத் தவணை 13,333 ரூபாய், மொத்த வட்டி 3,00,000 ரூபாய். வாய்ச்சொல்லில் ஒரே பன்னிரண்டு. கையை விட்டுப் போகும் பணத்தில் 1,33,000 ரூபாய் வேற்றுமை! ஆகவே வட்டி விகிதத்தைக் கேட்பதோடு அமையாமல், கட்டி முடிக்கும் மொத்தத் தொகை யாது எனக் கேட்டல் வேண்டும்.

மேலும், தவணையை மாதத்தின் முப்பது நாளால் வகுக்காமல் வேலை நாளால் வகுத்தல் வேண்டும். 24 வேலை நாளாயின் 11,122 ரூபாய்த் தவணை நாளொன்றுக்கு 463 ரூபாய் ஆகிறது. மழை மாதத்தில் 15 நாளே வேலையாயின் 741 ரூபாய். எரிபொருள், காப்பீடு, டயர், பழுது ஆகியன இதற்கு மேல் உள்ளவை. மழை மாதத்துக் கூலியால் தாங்கக்கூடிய தவணையே தாங்கத்தக்க தவணை.

சட்டத்தின் எல்லை

வாடகைக்கோ தொழிலுக்கோ சரக்கு ஏற்றும் வண்டியாகப் பதிவு செய்யின் மஞ்சள் எண்பலகை உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட்டு வேண்டுவதில்லை. எப்.சி. என்னும் தகுதிச் சான்று புது வண்டிக்கு இரண்டாண்டு செல்லும். எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை இலகுரக உரிமம் உடையோரே ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றின், 2019-இல் திருத்திய சட்டப்படி 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம். வண்டிக்கு வெளியே பொருள் நீண்டிருத்தலும் குற்றமே. வண்டியின் காப்பீடு வண்டிக்கே உரியது. உள்ளிருக்கும் கருவிகள் களவு போயின் அதனைக் கொண்டு ஈடு பெறலாம் என எண்ணுதல் வீண்.

பழைய வண்டி

கைப்பணம் சுருங்கியோர் பழைய வண்டி வாங்குதல் இழுக்கன்று. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா, எப்.சி.யும் காப்பீடும் எந்நாள் வரை உள்ளன, கட்டாத அபராதம் உண்டா, புத்தகத்திலுள்ள சேசிஸ் எண் வண்டியில் உள்ளதோடு ஒக்குமா என நோக்குதல் வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் வில்பட்டைகளில் புதிதாக ஒன்று கூட்டப்பட்டிருப்பின் அவ்வண்டி மிகு பாரம் சுமந்தது என ஐயுறலாம். டயர் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருத்தலும் நோயின் குறியே. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று, நம் முன்னிலையில் இயக்கச் சொல்லுதல் நன்று. முன்பே சூடேற்றி வைத்த வண்டி தன் குறையை மறைக்கும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின் எம் சிற்றப்பா செய்தது யாது? குறிப்பேட்டின் 24 நாட்களில் 5 நாட்களுக்கே பெரிய வண்டி தேவைப்பட்டது. அவ்வைந்து நாளுக்காகப் பெரிய வண்டியை மாதம் முழுதும் சுமப்பதை விட, அந்நாட்களில் குட்டி யானை ஒன்றை வாடகைக்கு அழைத்து, ஏனைய 19 நாளுக்கு ஏற்ற சிறிய மூடிய வேனை வாங்குதலே தக்கது எனத் துணிந்தார். மூன்றாண்டு ஓடிய பெட்ரோல் வேன் ஒன்றை இரண்டாண்டுத் தவணையில் வாங்கினார். “சித்தப்பா, வண்டி சிறிதாயிற்றே என்று ஊரார் சொல்லமாட்டார்களா?” என்று யாம் கேட்டோம். “சொல்லட்டும் மக்களே, அலமாரி பெரிதாக இருந்தால் போதும்” என்றார்.

இரண்டாம் உதவியாள் இன்றும் பேருந்தில்தான் வருகிறார். மழை நாளில் அவர் தாமதித்தல் உண்டு. பலகை வாடகையும் மாதந்தோறும் கொடுத்தே தீர வேண்டும். குறையில்லாத வண்டி உலகில் இல்லை. எனினும் பட்டறை நாள்தோறும் திறக்கப்படுகிறது. ஒப்புக்கொண்ட கதவு ஒப்புக்கொண்ட நாளில் செல்கிறது. 2025-இல் கடன் தீர்ந்தது. சிற்றன்னையின் வளையல்களும் வீடு திரும்பின.

ஆதலின், தொழில் செய்வோர் வண்டி வாங்கப் புகுமுன் ஒரு மாதம் தம் தொழிலையே ஏட்டில் எழுதிப் பார்ப்பாராக. எப்பொழுதோ வரும் பெரிய நாளுக்கு வண்டியை வாடகைக்கு அமர்த்தலாம். எப்பொழுதும் வரும் சிறிய நாளுக்கே வண்டியைச் சொந்தமாக்குதல் வேண்டும். எம் கல்லூரி நண்பர் பலர் கைத்தொழிலாளர் இல்லங்களிலிருந்து வருபவர். விடுமுறையில் வீடு செல்லும் அவர்கள் தம் தந்தையார்க்கோ தமையனார்க்கோ ஒரு குறிப்பேடு எழுதிக் கொடுப்பாராயின், கற்ற கணக்கும் எழுத்தும் பயன்பட்டனவாம்.