வயிறு சுருங்கியது, வாய்? எடைக்குறைப்பு சர்ஜரிக்குப் பிறகு சாப்பிடக் கற்போம்: முழுமையான வழிகாட்டி

சர்ஜரிக்குத் தேதி குறித்தாயிற்றா? நல்லது. ஆபரேஷனை டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு சாப்பிடுவது நம் வேலை. அதை முதலிலிருந்து ஒரு சுற்று பார்த்துவிடுவோம்.

எது மாறுகிறது?

ஸ்லீவ் என்ற சர்ஜரி முறையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு முறையில் முட்டையளவுக்கு ஒரு சிறு பை. உணவு சிறுகுடலின் முதல் பகுதியைத் தொடாமல் போகும். பசியைத் தூண்டும் க்ரெலின் ஹார்மோன் ஸ்லீவுக்குப் பிறகு குறைவதால், ஆரம்ப மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது.

ஆனால் கோபத்துக்கும் சலிப்புக்கும் தூக்கமில்லாத இரவுக்கும் சாப்பிட்ட பழக்கம் அப்படியே உள்ளே இருக்கிறது. பசி திரும்பும்போது அதுவும் திரும்பும்.

முதல் எட்டு வாரம்

முதல் ஓரிரு நாள் தண்ணீரும் வடிகட்டிய சூப்பும். அடுத்து இரண்டு வாரம்போல மோர், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பால். பிறகு மசித்தது, அதன்பின் குழைய வேகவைத்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வழக்கமான உணவு. நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். நம் டயட்டீஷியன் எழுதித் தந்த தாள்தான் சட்டம்.

தினம் குறைந்தது 60 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் திரவம். தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், சோறு கடைசியில். சோற்றை நடுவில் குவித்தே வளர்ந்த நமக்கு இதுதான் கஷ்டமான பாடம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் பொறுப்போம்.

பழக்கம் எப்படித் தடம் மாறுகிறது?

பழையபடி ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட இடமில்லை. அதனால் பழக்கம் வேடம் மாறி வரும். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட், பதினொன்றுக்கு ஒரு பிடி மிக்சர், டிவி முன்னால் முறுக்கு. இவை வாயிலேயே கரைந்து குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கும். வயிறு நிறைந்ததாகவே தோன்றாது. முட்டை அடைக்கிறது, ஐஸ்கிரீம் அடைப்பதில்லை என்பதாலேயே ஐஸ்கிரீம் பக்கம் சாய்ந்தவர்கள் உண்டு. இந்த ஓயாத கொறிப்புதான் என் கணக்கில் முதல் எதிரி.

இன்னொன்று, அளவு சிறிதானாலும் ‘நிறுத்த முடியவில்லை’ என்ற உணர்வு. அமெரிக்காவில் பைபாஸ் செய்துகொண்ட 361 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியான ஆய்வில், சர்ஜரிக்கு முன் இந்த உணர்வு இருந்ததா என்பது எடை குறைவதைப் பெரிதாகத் தீர்மானிக்கவில்லை. சர்ஜரிக்குப் பின் அது இருந்தவர்களுக்கே எடை குறைவாக இறங்கியது. நமக்கு இது நல்ல செய்தி. பழைய கதைக்காக வெட்கப்பட வேண்டாம். புதிதாகத் தலைகாட்டுவதைப் பிடித்தால் போதும்.

அதற்கு ஒரு பாக்கெட் நோட்டு வாங்குவோம். என்ன சாப்பிட்டோம் என்பதோடு, எத்தனை மணிக்கு, எந்த மனநிலையில் என்றும் எழுதுவோம்.

வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, மென்று துப்புவது, எடை ஏறிவிடுமோ என்று பட்டினி கிடப்பது ஆகியவையும் கோளாறுதான். எடை இறங்குகிறதே என்று வீட்டில் பாராட்டுவார்கள், ஏமாறக் கூடாது.

எவ்வளவு ஆகும்?

தனியாரில் சில லட்சம். இன்சூரன்ஸ் பொதுவாகக் கேட்பது பிஎம்ஐ (உயரத்துக்கான எடைக் குறியீடு) 40. கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் 35. காத்திருப்புக் காலத்தையும் பாலிசியில் பார்த்துவிடுவோம்.

பில்லில் வராத செலவு பிறகுதான். மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி, பி12, தேவைக்கேற்ப இரும்பு, எல்லாம் ஆயுள் முழுக்க. முதல் வருடம் சில முறை, பிறகு வருடாவருடம் ரத்தப் பரிசோதனை. மனநல ஆலோசகரின் கட்டணத்தையும் பட்ஜெட்டில் சேர்ப்போம். முதலில் வெட்டப்படுவது அதுதான்.

உஷார்!

பைபாஸுக்குப் பிறகு இனிப்பு அதிகமானால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இதை டம்பிங் என்பார்கள்.

மது சீக்கிரம் தலைக்கேறும். அமெரிக்காவில் 1,945 பேரைக் கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், மதுப் பிரச்சினை சர்ஜரிக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதம், இரண்டாம் வருடத்தில் 9.6.

விடாத வாந்தி வேண்டாத விருந்தாளி. அதனால் உடலில் தயமின் (வைட்டமின் பி1) வற்றினால் பார்வை இரட்டிக்கும், நடை தள்ளாடும், மூளையே பாதிக்கப்படலாம். இரண்டு மூன்று நாள் எதுவும் தங்கவில்லை என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போய், சர்ஜரி செய்துகொண்டதைச் சொல்லி, தயமின் போட வேண்டுமா என்று கேட்போம்.